மாப்பிள்ளை போட்ட காவல்

பொள்ளாச்சி,
5.8.2025

மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு ராமாமணி எழுதுவது.

நான் நலம். நீங்களும் வர்ஷினியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் உங்களோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. லாரிக்காரர்களோடும் கொப்பரை வியாபாரிகளோடும் காலையிலிருந்து தொண்டை கிழியக் கத்துகிறவள்தான் நான். ஆனால் எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வர்ஷினி, மாப்பிள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு கண்ணு" என்பேன். என் குரல் நன்றாகக் கேட்கும் தூரத்தில் இருக்கும் நீங்கள், "போதும்னு சொல்லு" என்பீர்கள். அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்வாள். இப்படியே ஓட்டிவிட்டோம்.

இப்போது அவள் மாட்டேன் என்கிறாள். ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோது நம் கொப்பரைக் களத்து ஆபீசில் ஏதோ பிரிண்ட் எடுக்கப் போனீர்கள். திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தீர்கள், சாம்பாரோடு எழுந்துவிட்டீர்கள். தயிருக்கு முன்னால் மாப்பிள்ளை எழுந்துபோன வீடு என்று எங்களுக்குப் பேராகிவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீங்கள் சித்திரையில் போட்டுத் தந்த காவல் சாஃப்ட்வேர் அங்கே இல்லை என்பதுதான் கோபம் என்று வர்ஷினி சொன்னாள். காரில் ஏறும்போது இன்னொன்றும் சொன்னாள். "இனி உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் நிக்கமாட்டனுங்மா. நீங்களே நேராப் பேசித் தீத்துக்குங்க. தீர்ற வரைக்கும் பிரசவத்துக்கு நான் இந்த ஊட்டுக்கு வரமாட்டேன்."

தலைப்பிரசவம் மாப்பிள்ளை. தாய்வீட்டில் நடக்க வேண்டியது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். கார்த்திகையில் பிள்ளை பிறக்கும்போது அவள் என்னோடு இல்லையென்றால் நான் எதற்கு இந்த வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. அதனால் கூச்சத்தை விட்டு எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் ஃபோனை எடுத்து அவள் படித்துவிடுவாள். ஆகவே உங்கள் கம்ப்யூட்டர் கடை விலாசத்துக்குத் தபால்.

உங்கள் மனவருத்தம் என்ன என்று நேராகவே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ராமாமணி

•

காந்திபுரம், கோவை,
9.8.2025

அத்தை அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கரண்ட் பில்லோடும் விளம்பர நோட்டீஸோடும் சேர்ந்து கிடந்தது. பிரித்துப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கடைக்கு வந்திருந்த கஸ்டமர், "ஏனுங், ஊட்டுல ஏதாச்சுங்களா?" என்று கேட்கும்படி ஆயிற்று. காலேஜ் பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்து எழுதுவது இதுதான், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு வருத்தம்தான். வர்ஷினியையும் என்னையும் சுற்றி இருக்கும் எல்லாரிலும் உங்கள் களத்தைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். பங்குனியில் என்னிடம் வரும் ஒரு நூல் மில்காரரின் கம்ப்யூட்டரில் எவனோ நுழைந்து அத்தனை ஃபைலையும் பூட்டிவிட்டான். அந்த மனிதர் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் ஆபீசில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதுகூட இப்போது தெரியாது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் சித்திரையில் வந்து உங்களுக்குப் போட்டேன்.

விண்டோஸோடு கூடவே ஒரு ஃபயர்வால் வருகிறது. வெளியிலிருந்து யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பார்ப்பது அதன் வேலை. நான் போட்டது வெளிக் கம்பெனியுடையது, இன்னும் கண்டிப்பானது. ஒரே வாசலில் இரண்டு காவல்காரர் நின்றால் ஒருவரை ஒருவர் தடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் புதியது வந்ததும் பழையது தானாக ஒதுங்கிக்கொள்ளும். புதியதை எடுத்தால் பழையது தானாகத் திரும்பி வர வேண்டும். பெரும்பாலும் வந்துவிடும், சில கம்ப்யூட்டரில் வராது. அன்று நான் பார்த்தபோது உங்களுடையதில் வரவில்லை. இரண்டு காவலும் இல்லாமல் திறந்து கிடந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோபத்தில் அதைச் சரிசெய்யாமலே கிளம்பிவிட்டேன், ஆகவே முதலில் இதைச் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஃபயர்வால் என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் 'டர்ன் ஆன்' என்பதை அழுத்துங்கள், பச்சையாகிவிடும். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் பக்கம் போகாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அதை எடுத்தது யார்? பொள்ளாச்சியில் வேறு கடைக்காரரைக் கூப்பிட்டீர்களா? இதே தொழிலில் இருக்கும் மாப்பிள்ளை போட்டதை இன்னொருவர் வந்து கழற்றினால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணிவுடன்,
அருள்குமார்

•

பொள்ளாச்சி,
14.8.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பச்சை. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தது, அழுத்தினேன், பச்சையாகிவிட்டது. கணக்கு எழுதும் பத்மாவதியையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

வேறு கடைக்காரர் யாரும் இந்தப் படி ஏறவில்லை. எடுத்தது நான்தான், என் கையால். பாஸ்வேர்ட் கேட்கும் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். களத்து வாசலில் எடைமேடை இருக்கிறதல்லவா, அதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. லாரி ஏறி நின்றதும் எடை அங்கே பதிவாகி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தானாக வந்துவிடும். நீங்கள் காவல் போட்டுவிட்டுக் கோயமுத்தூர் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிட்டது. உங்கள் காவல்காரர் எங்கள் எடைமேடையையே திருடன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பத்மாவதி வாசலுக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்து எடையைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

அப்போதே வர்ஷினியிடம் சொல்லியனுப்பினேன். "மாப்பிள்ளை போட்டதுல இருந்து எடை வர்றதில்ல, வந்து சரி பண்ணித் தரச் சொல்லு கண்ணு" என்றேன். மறுநாள் அவள், "சொல்லிட்டனுங்மா, அவரு பாத்துக்கறேன்னாரு" என்றாள். நீங்கள் பார்க்கவில்லை. மறுபடி ஒருமுறை கேட்டால் மாப்பிள்ளை வேலையில் குறை சொன்னது மாதிரி ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டும் செய்யாதவர் நீங்கள். இலையை விட்டு எழுந்தவரும் நீங்கள். ஆனால் மகள் வராத தண்டனை எனக்கா? எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

ராமாமணி

•

காந்திபுரம்,
19.8.2025

அத்தை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எடை வரவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை. வர்ஷினி என்னிடம் சொன்னது இது: "அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமுங்க. நீங்க போட்டதுல இருந்து நிம்மதியாத் தூங்கறாங்களாம்." அதைக் கேட்டு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தேன். இதே சாஃப்ட்வேரை இன்னும் நாலு மில்லுக்கு விற்றேன்.

அதன் பிறகு எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. போன பொங்கலுக்கு நீங்கள் எடுத்துத் தந்த சட்டை சின்னதாகப் போய்விட்டது என்று சொல்லச் சொன்னேன். "கலரு ரொம்பப் பிடிச்சுதாமாம்" என்றுதானே உங்களுக்குச் சொன்னாள்? இந்த ஆடிக்கும் அதே அளவில் வந்திருக்கிறது. சந்தகை விஷயம் இன்னும் மோசம். மன்னிக்க வேண்டும் அத்தை, எனக்குச் சந்தகை பிடிக்காது. ஒவ்வொரு முறையும் நீங்கள் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கும்போது, எனக்காக ஆசையாகச் செய்தது என்று வர்ஷினி சொல்வாள். உங்கள் மனது நோகக்கூடாது என்று மூன்று வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

நமக்கு நடுவில் நின்று, நாம் சொன்னதில் உறைப்பானதையெல்லாம் எடுத்துவிட்டு இனிப்பை மட்டும் அனுப்பியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் இப்படி மாற்றி மாற்றிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இனி முடியாது என்றுதான் கைகழுவிவிட்டாள்.

எடை வராததற்குக் காரணம் எளிது. புதிய காவல் உங்கள் எடைமேடைக் கம்ப்யூட்டரை வெளியாள் என்று எடுத்துக்கொண்டது. இது நம் ஆள், விடு என்று ஒரு அனுமதி போட்டுவிட்டால் தீர்ந்தது. போடும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள், நான் கேட்கவில்லை. பாஸ்வேர்ட் வைக்காததும் அப்படித்தான். அத்தை கம்ப்யூட்டருக்கு நான் பூட்டுப் போடுவதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. எடை வராமல் நின்றது சித்திரையில். நீங்கள் அதை எடுத்தது ஆனி முடியும்போது, கம்ப்யூட்டரில் தேதி இருந்தது. வைகாசி முழுக்கப் பொறுத்துக்கொண்டவர் ஆனியில் ஏன் எடுத்தீர்கள்? நடுவில் என்ன நடந்தது?

அருள்குமார்

•

பொள்ளாச்சி,
24.8.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சந்தகை பிழிந்து பிழிந்து எனக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு அதுதான் உயிர் என்று அவள் சொன்னதால் பிழிந்தேன். இனி இட்லிதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மறுபடி பழைய மாதிரிதான் ஆகும்.

ஆனியில் ஒருநாள் வர்ஷினி ஃபோனில், "ஏனுங்மா, நேத்தும் முந்தாநேத்தும் களம் தொறக்கலீங்களா?" என்று கேட்டாள். உனக்கு யார் சொன்னது என்றேன். வாய் தவறி, "அவரு கடையில இருந்தே பாக்கலாமுங்மா, கம்ப்யூட்டர் எப்ப ஆன் ஆச்சு, எப்ப ஆஃப் ஆச்சுன்னு எல்லாம் காட்டும்" என்றாள்.

இவள் அப்பா போனபோது வர்ஷினி நாலாம் வகுப்பு. என் கொழுந்தனார்கள் இருவருக்கும் எதிர்க் களம். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் எத்தனை மணிக்குத் திறக்கிறேன், எந்த லாரி எவ்வளவு நேரம் நிற்கிறது, யாரோடு சிரித்துப் பேசுகிறேன் என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சாயந்திரம் ஊர் முழுக்க அது தெரிந்திருக்கும். ஒரு பொம்பளை களம் நடத்துகிறாள் என்றால் எல்லாருக்கும் வேடிக்கை. நான் குனியவில்லை. அவர்களே அலுத்துப்போய் நாற்காலியை எடுக்கும் வரைக்கும் பல வருஷம் அந்தக் கண்ணுக்கு முன்னாலேயே வேலை செய்தேன்.

மறுபடி ஒருவர் கோயமுத்தூரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவும் என் மாப்பிள்ளை என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கே எடுத்துப்போட்டேன்.

திருடன் வந்தாலும் வரட்டும். என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவல் எனக்கு வேண்டாம். இதைத்தான் சொல்ல முடியாமல் எடைமேடை, எடைமேடை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ராமாமணி

•

காந்திபுரம்,
2.9.2025

அத்தை அவர்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நான் பார்த்தது உண்மை. மில்களுக்குப் போடும் சாஃப்ட்வேர் இது. எல்லாக் கம்ப்யூட்டரும் என் கடைத் திரையில் ஒரு வரிசையாகத் தெரியும். ஓடுவது பச்சை, நின்றது சாம்பல். இதைப் போடும் முன் உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அது தப்பு.

ஆனால் அந்த இரண்டு நாள் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயர் சாம்பலாக இருந்தது. ஞாயிறில்கூடத் திறக்கிற களம். மறுநாளும் சாம்பல். கடையைப் பாதியில் பூட்டினேன். வீட்டுக்குப் போய் வர்ஷினியிடம், "அத்தை தனியா இருக்காங்க, உடம்புக்கு ஏதாச்சும் முடியலியான்னு உடனே கேளு" என்றேன். அவள் உங்களைப் பயமுறுத்தக்கூடாது என்று 'களம் திறக்கலியா' என்று கேட்டிருக்கிறாள். நான் உங்களைத்தான் கேட்டேன் அத்தை. உங்களிடம் வந்து சேர்ந்தது களத்தைப் பற்றிய கேள்வி. நீங்கள் காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்தீர்கள் என்பது உங்கள் தம்பி தம்பிதுரை மாமா சொல்லிப் பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகும் சாம்பலாகவே இருந்ததை நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன், காவலையே எடுத்துவிட்டது ஆடிப் பதினெட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

வர்ஷினி இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டாள். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்: "பேசிட்டீங்களா?" கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். "கடுதாசியா! அது பேசறதா? மூஞ்சி பாத்துப் பேசுங்க" என்கிறாள். புரட்டாசி பிறந்துவிட்டால் அப்புறம் எங்கும் நகரமாட்டேன் என்றும் சொல்கிறாள்.

நான் வந்து எல்லாவற்றையும் சரியாகப் போட்டுத் தருகிறேன். அந்தப் பார்க்கும் வசதியை உங்கள் கையாலேயே மூடிவிடுங்கள். ஆனால் இலையிலிருந்து எழுந்து வந்த மாப்பிள்ளை அழைப்பில்லாமல் எப்படி வருவது? எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தால் என்னை உரித்துவிடுவார். தம்பிதுரை மாமா ஒரு எட்டு வந்து கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

அருள்குமார்

•

பொள்ளாச்சி,
6.9.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்கள் என்னைத்தான் கேட்டீர்கள் என்ற வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் களத்தில் சும்மா நடந்தேன்.

என் தம்பிக்கு முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறான். அழைக்க அனுப்ப இந்த வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. ஆகவே நானே வருகிறேன். புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறி நேராக உங்கள் கடைக்கு வருவேன். வீட்டுக்கு வரமாட்டேன், அவளிடம் சொல்லவும் வேண்டாம். பேசித் தீர்ந்த பிறகு அவள் முகத்தைப் பார்த்தால் போதும்.

என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கம்ப்யூட்டர் வேலையைப் பற்றியே பேசுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

ராமாமணி

•

காந்திபுரம்,
11.9.2025

அத்தை அவர்களுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நேற்று நீங்கள் கடைக்குள் வந்ததும், சுவரில் தொங்கிய கீபோர்டுகளைப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளை வரோணும், ஊட்டுக்கு வரோணும்" என்று சொன்னீர்கள். நானும் அந்தக் கீபோர்டுகளைப் பார்த்தே சரிங்க என்றேன். நல்லவேளை, வேலை இருந்தது. பத்மாவதி அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்ள, இங்கிருந்து காவலை மறுபடி ஏற்றி எடைமேடைக்கு அனுமதி போட்டோம். ஃபோனில் அவர், "வந்துருச்சுங்க்கா, லாரி எடை வந்துருச்சு!" என்று கத்தியபோதுதான் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். பார்க்கும் வசதியை நீங்களே மூடினீர்கள். பாஸ்வேர்டை நீங்களே அடித்தீர்கள், நான் ரோட்டைப் பார்த்து நின்றேன். சாயந்திரம் என் திரையில் பார்த்தேன், வரிசையில் உங்கள் பெயர் இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பழகிக்கொள்வேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "வா, வான்னு நான் அவளக் கெஞ்சமாட்டனுங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குதுங் மாப்பிள்ளை. அவங்கப்பாவ இதே ஊரு ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டியாந்தாங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மறுக்காவும் அப்படித் தூரத்துல நிக்க என்னால ஆகாதுங்க."

வீட்டுக்குப் போனதும் வர்ஷினியிடம் அத்தை கடைக்கு வந்தார்கள், நேராகப் பேசினோம் என்றேன். உடனே, "அம்மா என்ன சொன்னாங்க?" என்றாள். இத்தனை வருஷம் அவள் செய்த வேலை முதல்முறையாக என் தலையில் விழுந்தது. 'வரச்சொன்னாங்க' என்று இனிப்பாகச் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் அப்படிச் செய்யவில்லை. கெஞ்சமாட்டேன் என்றது முதல் தூரத்தில் நிற்க ஆகாது என்றது வரை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. "எங்கம்மாவா? பயமா இருக்குதுன்னா? எங்கப்பா போனப்பக்கூட அவங்க அப்படிச் சொன்னதில்லீங்க. நீங்க சேத்திச் சொல்றீங்க" என்றாள். நான் சத்தியம் செய்தேன். "எனக்கே கதை சொல்றீங்களா? இந்த வேலைய நான் எத்தன வருசமாப் பண்றேன்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து பரண் மேலிருக்கும் பெட்டியை இறக்கச் சொன்னாள். துணிகளை அடுக்கிவிட்டாள், ஆனால் பெட்டியை இன்னும் மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்துக்கொண்டு வருகிறேன். காரை விட்டு இறங்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்பேன் என்கிறாள்: "அம்மா, பயமா இருக்குதுன்னு நீங்க சொன்னது நெசமா?" நீங்கள் இல்லை என்றால் அப்படியே காரைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

உங்களை எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும். வாசலில் நாலு பேர் நிற்பார்கள், எதிர்க் களத்திலிருந்தும் பார்ப்பார்கள். உங்கள் வாய் 'நான் எதுக்குப் பயப்படறேன்?' என்றுதான் முதலில் சொல்லப் பார்க்கும். அவள் பாதி உடம்பு காருக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுகொண்டிருப்பாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் அத்தை.

அருள்குமார்